ஜெனி கேட்ட வேன்

அன்பானவர்களே, எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் உயிரோடு இருப்பதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கொரோனா இரண்டாம் அலை, மே மாதம். விளாங்குடி வீட்டில் நானும் ஜெனியும் மட்டும். என் கணவர் முன்பே இறந்துவிட்டார். ஜெனிக்கு இருபத்து நான்கு வயது, மனவளர்ச்சி ஆறு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். சொன்னதைச் சொன்னபடியே செய்வாள். கூட்டவோ குறைக்கவோ தெரியாது.

காளவாசல் பக்கம் இருக்கும் சிறப்புப் பள்ளிதான் அவளுக்கு உலகம். காலை ஒன்பது மணிக்கு வேன் வரும். டிரைவர் முருகேசன் அண்ணன் இரண்டு சின்ன ஹாரன், ஒரு நீள ஹாரன் அடிப்பார். ஊரடங்கில் வேன் நின்றது. அவளோ தினமும் பையை மாட்டிக்கொண்டு மதியம் வரை கேட்டில் நின்றாள். சோறு இறங்கவில்லை. விரல் நகங்களை ரத்தம் வரக் கடித்தாள். ஜெபத்தில் அவளுக்கு ஒரே வரி: "ஏசப்பா, வேன் வரணும்."

"வேனெல்லாம் வராதுடி, பேசாம கண்ண மூடு" என்று எரிந்து விழுவேன்.

ஒரு நாள் திண்டுக்கல் ரோடு வரை தனியாகப் போய்விட்டாள். போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டார். அந்தப் பயத்தில் ஒரு பாவம் செய்தேன். "இருமுறவங்க பக்கத்துல போனா செத்துப் போயிருவ. ஓடிப் போயி கதவப் பூட்டிக்கணும்" என்று மிரட்டி, காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தேன்.

அடுத்த வாரம் நானே இருமினேன்.

ஜெனி என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"அம்மாதான்டா, தொற."

"அம்மா இருமுது. செத்துப் போவேன்."

பேசப் பேச இருமல் கூடியது. கூடக் கூட அவள் அலறினாள். காய்ச்சல் கொதித்தது, என்னால் கதவை அசைக்கக்கூட முடியவில்லை. தெருவில் கெஞ்சினேன், ஒருவரும் படியேறவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன், ஆள் வரும் என்றார்கள். வரவில்லை. மறுநாள் விடிந்தபோது உள்ளே சத்தமே இல்லை.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! கதவடியில் குப்புற விழுந்தேன். "ஆண்டவரே, நாந்தான் அவளப் பயங்காட்டினேன். தண்டனைய எனக்குக் குடுங்க. இந்தக் கதவ மட்டும் தொறந்து விடுங்கப்பா" என்று கதறினேன்.

அப்போது தெருவில் ஹாரன் சத்தம். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

தாழ்ப்பாள் விலகியது. உதடு வெடித்து, தோளில் பையோடு, என்னைத் தாண்டித் தள்ளாடிப் போனாள் என் பிள்ளை. "வேன் வந்துருச்சு!"

பள்ளி இல்லாததால் அதே வேனில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார் முருகேசன் அண்ணன். எங்கள் வாசல் வந்ததும் கை பழக்கத்தில் ஹாரன் அடித்துவிட்டதாம். "என்ன பாப்பா, இம்புட்டு வாடிப்போயிட்ட?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மடமடவென்று குடித்தாள். என்னைப் பார்த்தவர், "யக்கா, நீங்க உள்ள படுங்க. நா இருக்கேன்" என்றார். நான் தேறும்வரை தினமும் ஒன்பது மணிக்கு வந்து ஹாரன் அடித்து, தன் வீட்டு இட்லியைக் கேட்டில் வைத்து அவளைச் சாப்பிட வைத்தார்.

நான் கதவு திறக்கக் கேட்டேன். அவள் வேன் கேட்டாள். கர்த்தர் அவள் கேட்டதைத்தான் அனுப்பினார். நான் கேட்டதும் அதிலேயே நடந்தது. அன்றோடு அவளை மிரட்டுவதை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதன் ஜெபத்தை அதட்டி நிறுத்தாதீர்கள். கூட உட்காருங்கள், நம்பிக் கேளுங்கள்.

பள்ளி திறந்து வேன் இப்போது தினமும் வருகிறது. இருந்தும் ஜெனி கேட்கிறாள், "ஏசப்பா, வேன் வரணும்."

நான் ஆமென் சொல்கிறேன்.