சக்கர நாற்காலிக்குத் தேங்காய் எண்ணெய்

பெரியப்பா மகளின் கல்யாணம்வரை மட்டாஞ்சேரியில் எங்கள் உறவினரிடையே எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவன் நான். வீட்டுச் சைக்கிள்களுக்கு டயர் மாற்றுபவனும் நானே. இன்று காலை, பேரனின் சைக்கிளில் புது டயர் ஏறவில்லையென்று என் மருமகன் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனை எழுபதுகளின் அந்த முற்றத்துக்கு என்னை இழுத்துப் போனது.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பெரியப்பாவின் சக்கர நாற்காலிக்கு வாங்கிய டயர் கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்மில் இறங்க மறுத்தது. மகளைத் தாரைவார்க்க நாற்காலியை உருட்டிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் போவேன், யாரும் தூக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் பிடிவாதம்.

"சோப்புத் தண்ணி போரும் சித்தப்பா. எதிர்ப்பக்கத்தை ரிம்மோட நடுப்பள்ளத்துல அமுக்கினா இங்க தானா எறங்கும்," என்றேன்.

"போடா பண்டிதா! எண்ணெய்க்கு எறங்காதது லோகத்துல உண்டோ?" என்று சித்தப்பா தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தோடு டயர்மேல் கவிழ்த்தார். டயர் வழுக்கிக்கொண்டு ஏறியது. எல்லோரும் சித்தப்பாவைப் புகழ்ந்தார்கள்.

மண்டபச் சரிவில் பெரியப்பா பிரேக்கை இழுத்தார். பிரேக் டயரைப் பிடித்தது. எண்ணெயில் ரிம் மட்டும் தனியே சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்தது; காற்றெல்லாம் இறங்கி நாற்காலி நின்றுவிட்டது. நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மாமா, அன்னிக்கு நீங்க காத்து ஜாஸ்தி அடிச்சு டியூப் பொட்டிப் போச்சாமே?" என்று மருமகன் இன்றும் கேட்கிறார்.

டியூப் வெடிக்கவில்லை. காற்றடித்தவரும் சித்தப்பாதான்.