எதிர் வீட்டுச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருமுனையில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு விழுந்தார். எதிரே வந்த காரின் வெளிச்சம் கண்ணில் அடித்து, சாலையோர ஜல்லியில் சறுக்கி... முழங்கையில் நான்கு தையல்.

அந்தக் கார் என்னுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று பகல் முழுவதும் சொல்லவில்லை என்பதால்.

விழுந்தவர் மல்லிகா. எதிர் வீடு. காக்களூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அன்று கிளம்பிப் போனவர், மறந்த சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஸ்கூட்டர் இல்லையென்றால் வேலையும் இல்லை. கணவர் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் இருக்கிறார். அவருக்குக் கம்பெனி வேன் வரும்.

நான் மனைவியை ரயிலேற்றிவிடத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் சட்டென்று ஓரமாக ஒதுங்கியது தெரிந்தது. "தூக்கக் கலக்கம் போல" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது தெரு தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. டீக்கடையில் ஒருவர், லேடீஸுக்கு பேலன்ஸ் வராது என்றார். இன்னொருவர், போன் பேசிக்கொண்டே போயிருப்பார் என்றார். யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காதவர்களுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

விசாரிக்கப் போனேன். ஏழுமலை அன்று லீவு போட்டிருந்தார். ஸ்கூட்டர் சாவி அவர் சட்டைப் பையில். வண்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்பது அவர் முடிவு. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மல்லிகா என்னிடம் சொன்னார்: "வெள்ளக் காரா, நீலக் காரான்னு கூடத் தெரியல சார். லைட்டு நேரா மூஞ்சிலயே அடிச்சிது. ரோடே காணோம்."

அந்த நேரத்தில் எங்கள் தெருவில் இருந்து கிளம்பிய கார் ஒன்றுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இனி, என் கைவேலை. அதற்கு மூன்று வாரம் முன்பு இடது ஹெட்லைட் பல்பு போனது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் காருடன் வந்த அதே வாட்ஸில் ஹாலஜன் பல்பு இரண்டு கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்ப யாரு சார் மஞ்ச லைட்டு வாங்கறா? வெள்ள எல்இடி போடு. எதிர்ல வர்றவன் தானா ஒதுங்குவான்."

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். சாலையில் இன்று ஓடுகிற கார்களில் பாதி இந்த நினைப்பில்தான் ஓடுகின்றன. கொதித்துப் போனேன். அவரிடம் ஒரு பிரசங்கம் செய்து, நான் கேட்டதையே வாங்கிவந்தேன்.

நானே மாட்டினேன். பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கி, கண்ணாடியில் விரல் படாமல்... எல்லாம் சரி. அடுத்து வெளிச்சத்தின் உயரம். மல்லிகாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவரில், டேப் பிடித்து, என் ஹெட்லைட்டின் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். அதுவோ ஒன்றரை அடி கீழே கிடந்தது. கார் செய்தவனுக்கே அளவு தெரியவில்லை என்று திட்டிக்கொண்டு, விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருகி மேலே ஏற்றினேன்.

அதன் பிறகு எதிரில் வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து லைட்டை டிம்-டிப் செய்தார்கள். எனக்குக் கோபம். நானும் திருப்பிச் செய்தேன். சாலை ஒழுக்கமே இல்லாத ஊர் என்று புலம்பினேன். தன் ஹெட்லைட் எப்படி அடிக்கிறது என்று ஒருபோதும் பார்க்காத ஒரே ஆள் ஓட்டுநர்தான் — அது அப்போது உறைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தெருவைக் கடந்துபோய்ச் சொன்னேன். காலையில் வந்த கார் என்னுடையது. லைட்டும் நான் வைத்தது.

ஏழுமலை மெதுவாக எழுந்தார். இத்தனை வருடம் 'நீங்க' என்று பேசியவர். "காலைல வந்து குந்திக்கினு எல்லாத்தையும் கேட்டுட்டுதான போன? அப்ப வாய்ல இன்னா வச்சிருந்த சார்?"



மல்லிகா திட்டவில்லை. காரை எங்கே நிறுத்தி அளவு பார்த்தேன் என்று கேட்டார். காட்டினேன். எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள். மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டுவோம். அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிமென்ட் சரிவு. என் காரின் பின்சக்கரம் சரிவின் மேலே, முன்சக்கரம் கீழே.

"வண்டியே குனிஞ்சிக்கினு நிக்கிது. லைட்டு கீழ அடிக்காம வேற எங்க அடிக்கும்? எங்க கம்பெனில நேத்து சேந்த பொண்ணு கூட, டேபிள் மட்டமா கீதான்னு பாத்துட்டுதான் அளவு எடுக்கும் சார்."

அச்சகத்தில் புரூஃப் பார்த்து, வார்த்தைக்கு வார்த்தை சரிபார்த்தே பிழைத்தவன் நான். இன்ச் டேப்பைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் கோடு போட்டு, அவர் கண்ணையே மறைத்திருக்கிறேன்.

மல்லிகா கணவர் பக்கம் திரும்பினார். "சாவிய குடு. எனக்கு ஓட்டத் தெரியாம உழல. கேட்டல்ல?"

ஏழுமலை சாவியைக் கொடுக்கவில்லை. முதலில் அந்த லைட் இறங்கட்டும் என்றார். நியாயம்தான்.

மறுநாள் இருட்டத் தொடங்கியதும் மூவரும் பெட்ரோல் பங்கின் பின்புறம் போனோம். மட்டமான சிமென்ட் தரை, எதிரே சுவர். போகும் வழியில் டீக்கடையில் காரை நிறுத்தி, விழுந்ததற்குக் காரணம் யார் என்று அந்த இருவரிடமும் சொன்னேன். ஒருவர் டம்ளருக்குள் பார்த்தார். மற்றவர், இருந்தாலும் லேடீஸ்... என்று ஆரம்பித்தார். அவரோடு நான் பேசியதை இங்கே அச்சில் போட முடியாது.

சுவர்க் கணக்கின்படி இறக்கி முடித்தேன். மல்லிகாவுக்கு அது போதவில்லை. ஏழுமலை ஓட்டிவந்த ஸ்கூட்டரை இருபது அடி தள்ளி நிறுத்தச் சொல்லி, அதன் சீட்டில் ஏறி, என் காரைப் பார்த்து உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் இறக்கு சார்... இன்னும்... இடது பக்கம் இன்னும் குத்துது." நான் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "இப்ப ரோடு தெரியுது" என்றார். ஏழுமலை சட்டைப் பையைத் தடவிவிட்டுச் சிரித்தார். சாவி ஏற்கெனவே வண்டியில்தான் இருந்தது.

தையல் பிரித்த மறுநாள், ஐந்தரைக்கு, ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். மனைவி போவதை அவர் பார்க்கவில்லை — என் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.