டோக்கன் கொடுக்காத புத்தகம்

சினிமா தியேட்டர் வாசலில் பெண்களின் கைப்பையைத் திறந்து பார்க்கிறவளுக்கு, சம்பளத்தோடு முகச்சுளிப்பும் தினமும் கிடைக்கும். தாம்பரத்தில் ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. நீங்களும் வயசுக்கு வந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள்தானே. என் கதையையும் கேளுங்கள்.

முறுக்கு டப்பா

வெளித் தின்பண்டம் உள்ளே போகக் கூடாது. எடுத்தால் அலமாரியில் வைத்து டோக்கன் தருவோம். படம் விட்டதும் டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதைப் பம்மலிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் வரிசையே சிரித்தது: "நான் சுட்ட முறுக்கும்மே இது, வெடிகுண்டு இல்ல. வேணும்னா ஒண்ணு கடிச்சுப் பாத்துக்கினு உள்ள வுடு!"

மஞ்சள் குடை

போன மாதம் ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காதல், கேலி, கூத்து. பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி பையில் ஒரு புத்தகம். அட்டையில் ஒரே சைக்கிளில் ஒரு பையனும் பெண்ணும், தலைக்கு மேல் மஞ்சள் குடை. "இந்த புக்கைத்தான் ஆன்ட்டி படமா எடுத்திருக்காங்க" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குடையை எனக்குத் தெரியும். என் மகள் நிவேதா ப்ளஸ் ஒன் படித்தபோது அவள் பையிலிருந்து இதே புத்தகத்தை எடுத்தேன். நான் படித்தது எட்டாவது, அதுவும் தமிழில். படத்தைப் பார்த்தே முடிவு கட்டி, பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். பிள்ளையைக் காப்பாற்றினாய் முருகா என்று அன்று விளக்குகூட ஏற்றினேன். தோழியிடம் இரவல் வாங்கிய புத்தகமாம். நிவேதா அழவில்லை. "படிச்சுப் பாத்துட்டுத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா" என்றாள்.

அப்படி என்னதான் கதை?

அதற்கப்புறம் நிவேதா என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. பை கூடத்தில் திறந்தே கிடக்கும், வாய்தான் மூடியிருக்கும்.

படம் விட்டு வந்ததும், புத்தகம் வைத்திருந்த அந்தச் சிட்லபாக்கத்துப் பெண்ணை நிறுத்தி, "கதை என்ன பாப்பா?" என்று கேட்டேன். "செம காமெடி ஆன்ட்டி! ஹீரோயினுக்கு ஒரு பையனைப் பிடிச்சிடும், அதை அவங்க அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லுவா. அந்த அம்மா ஐடியா குடுக்கிறேன்னு எல்லாத்தையும் சொதப்புவாங்க. கடைசியில பாத்தா, நமக்கு அந்தப் பையனைவிட அம்மாவைத்தான் பிடிக்கும்!"

ஒரு டோக்கன்

அந்தப் பெண்ணிடமே புத்தகத்தின் பெயரை எழுதி வாங்கி, கடையில் ஒன்று வாங்கினேன். தியேட்டரில் எங்கள் டோக்கன் அலமாரியில் வைத்தேன். என் விடுமுறை நாளில் மறைமலை நகரிலிருந்து நிவேதாவை அந்தப் படத்துக்கு வரவழைத்தேன். அங்கே ஒரு கம்பெனியில் வேலை, தனி வீடு, மாதம் ஒரு போன். டோக்கனைக் கொடுத்ததும், "என்னம்மா இது?" என்றாள். "படம் விட்டதும் வாங்கிக்கோ" என்றேன்.

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் புரியாது. அவள் சிரித்தால் சிரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா வந்த இடங்களில் அவள் சிரிக்கவே இல்லை.

வெளியே வந்து புத்தகத்தை வாங்கினாள். மஞ்சள் குடையை விரலால் தடவினாள். "அப்ப உன்கிட்ட சொல்றதுக்கு நெறைய இருந்துச்சும்மா" என்றாள்.

ஊரார் முறுக்குக்கெல்லாம் டோக்கன் போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிற நான், பெற்ற பெண்ணிடம் டோக்கன் கொடுக்காமல் எடுத்ததை மட்டும் படம் விட்ட பிறகு தேடிக்கொண்டிருக்கிறேன்.