இருதலைப் பறவைப் பேனாவுக்கு விலை கேட்கப் போன நாள்

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது பிரிக்க முடியாமல் நின்றது ஒரே ஒரு பொருள்தான். அது தாத்தாவின் பேனா.

தாத்தா இறந்த மறு வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக் கொண்டார்கள். பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறி இரண்டு, ஆளுக்கு ஒன்று. பித்தளைப் பாத்திரங்களை மாற்றி மாற்றி எடுத்துக் கொண்டார்கள். கடைசியில் பேனா மிஞ்சியது. அதை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக் கொள்ளலாம் என்றார் பெரியப்பா. தாத்தாவின் சட்டைப்பையில் இருந்த பொருளை விற்பதா என்றார் என் அப்பா. அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக் கொண்டார்கள்.

ஆனால் இரண்டு தறியும் ஒரே கூடத்தில்தான் இருந்தன. கை நீட்டினால் தொடுகிற தூரம். அதனால் பேச வேண்டியதையெல்லாம் என் மூலமாகப் பேசினார்கள்.

"பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு. மழ வருது, பாவு நூல உள்ள எடுக்கச் சொல்லு."

நான் அப்பா பக்கம் திரும்பிச் சொல்வேன்.

"உங்க பெரிப்பாகிட்ட சொல்லு. எனக்கும் கண்ணு இருக்குது."

ஒருநாள் எனக்கு அலுத்துப் போய், "அவருக்குத்தான் காதுல விழுந்துச்சே பெரிப்பா" என்றேன்.

"விழுந்தா விழட்டும். நீ சொல்லு."

அந்தப் பேனா கறுப்பாகத் தடிமனாக இருக்கும். மூடியின் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பொன்னிறத் தகடு. அதில் இரண்டு தலையுள்ள ஒரு பறவை. எங்கள் தெருவில் அந்தப் பறவையைத் தெரியாதவர்கள் கிடையாது. பட்டுப்புடவைக் கரையில் காலங்காலமாகப் போடுகிற பறவை அது. அதனால் வீட்டில் ஒரு கதை உண்டாகியிருந்தது. தாத்தா ஏதோ ஓர் அரண்மனைக்கு அந்தப் பறவை போட்ட புடவை நெய்து கொடுத்தாராம், அவர்கள் மகிழ்ந்துபோய்த் தங்கள் முத்திரை போட்ட தங்கப் பேனாவைக் கொடுத்தார்களாம். தாத்தா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பறவையின் அலகு ஒவ்வொன்றிலும் ஒரு நிப்பு இருந்தது. நான் அதைக் காட்டியபோது, அது நிப்பு இல்லை, புழு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் அவ்வளவு கூர்ந்து பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சையில் தமிழ்ப் பரீட்சைக்கு மட்டும் அந்தப் பேனாவால் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, சாமி அலமாரியிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போனேன். இரண்டாம் பக்கம் திருப்பும்போது பேனா பெஞ்சிலிருந்து உருண்டு நேராக நிப்பு தரையில் குத்த விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நிப்பு காக்கை வாய் திறந்த மாதிரி பிளந்திருந்தது. அன்று சாயங்காலம் என்னுடைய சாதாரணப் பேனாவின் நிப்பைக் கழற்றி இதில் சொருகினேன். பிளந்த நிப்பைக் காகிதத்தில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸின் அடியில் வைத்தேன். அந்த நிப்பிலும் ஒரு சின்னப் பறவை இருந்தது. எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் பெரியப்பா தறியில் இருந்தபடியே சொன்னார்.

"சொல்லு பாப்பா. மார்க்கெட்டாண்ட பேனா பாய் இருக்கிறாரு. அவரு வெல சொல்லட்டும். அதுக்கு மேல பேச்சு கெடையாது."

அப்பா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். "சரின்னு சொல்லு."

என்னை மாட்டிவைக்கப் போகிற பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என் வாயாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக் கொண்டேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து, தலை சீவி, அனுப்பிவிட்டாள். நான் இல்லாமல் அவர்கள் போக முடியாது. வழியில் அவர்களுக்குள் ஏதாவது பேச வேண்டி வந்தால் யார் சொல்வது? இரண்டு சைக்கிள்கள் போயின. நான் அப்பாவின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது, "பைய இறுக்கிப் புடிச்சிக்கச் சொல்லு" என்று மட்டும் பெரியப்பா சொன்னார்.

பாய் கடை ஒரு மரப்பெட்டிதான். குடை, டார்ச் லைட், பேனா மூன்றும் ரிப்பேர் செய்வார். வெள்ளைத் தாடி, கண்ணில் இடுக்கிக் கொள்கிற ஒரு லென்ஸ்.

"விக்கறதுக்கா மொதலியாரே, வெச்சிக்கறதுக்கா?" என்று கேட்டார்.

"விக்க" என்றார் பெரியப்பா. அதே நேரத்தில் "வெச்சிக்க" என்றார் அப்பா.

பாய் இருவரையும் பார்த்தார். பிறகு நடுவில் நின்ற என்னைப் பார்த்தார். "ரெண்டுக்கும் ரெண்டு வெல ஆச்சே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக் கொண்டார்.

இப்போது இந்த மாதிரிப் பழைய பேனாக்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் மகன் போனில் காட்டுகிறான். கிளிப்பைத் தனியாக, முத்திரையைத் தனியாகப் படம் எடுத்துப் போட்டு, இது எந்தக் கம்பெனி என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்கிறார்கள். பாய்க்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேனாவின் உடம்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். ரப்பர் வாசனை வருகிறதா என்று என்னிடமும் நீட்டினார். வந்தது.

"அரமணையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "ஆந்திரா பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. கொஞ்ச நாள் போட்டு மூடிட்டாங்க. ரெண்டு மூக்குலயும் நிப்பு கவ்வின பறவ, அதான் அவங்க மார்க்கு."

புழு இல்லை என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப வெல?" என்றார் பெரியப்பா.

"இருக்குது. இந்த மார்க்குக்குன்னே கேட்டு வர்றவன் இருக்கிறான். ஆனா ரெண்டு எடத்துல பறவ இருக்கணும். மூடில ஒண்ணு, நிப்புல ஒண்ணு. ரெண்டும் இருந்தா நல்ல வெல."

என் சந்தோஷம் அங்கேயே நின்றது. பாய் மூடியைக் கழற்றினார். நிப்பை வெளிச்சத்தில் திருப்பினார். லென்ஸை எடுக்காமலே தலையைத் தூக்கி என் வலது கையைப் பார்த்தார். நடுவிரலில் மை. நான் கையைப் பாவாடைக்குள் மறைத்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பாய் நிப்பை விட்டுவிட்டு மூடியை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். வைத்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இத யாரு மொதலியாரே ஒரசினது?"

அப்பா எட்டிப் பார்த்தார். பறவையின் ஒரு தலை பாதிக்கு மேல் தேய்ந்து செக்கச்செவேல் என்று இருந்தது. புத்தம் புதுத் தேய்ப்பு. பெரியப்பா கழுத்துத் துண்டைச் சரி செய்து கொண்டார்.

"அசலான்னு பாத்தேன். செவப்பு தெரிஞ்சுது. அதான் அசல்னு..."

எங்கள் ஊரில் ஜரிகையை அப்படித்தான் பார்ப்பார்கள். கல்லில் உரசினால் உள்ளேயிருந்து சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். தெரிந்தால் அசல். வெள்ளையாகத் தெரிந்தால் போலி. பெரியப்பா வாழ்நாள் முழுக்க அப்படி உரசியவர்.

"ஜரிகைல செவப்பு தெரிஞ்சா அசலு. பேனால செவப்பு தெரிஞ்சா செம்பு" என்றார் பாய். "மேல சும்மா முலாம். அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

"சரி, போவட்டும். அந்த நிப்பு? அதுல பறவ இருக்குதா?" என்றார் பெரியப்பா.

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"மூஞ்சியவே ஒரசிட்டு வந்து மூக்க பத்திக் கேக்கறீங்களே" என்றார் பாய். "நிப்பு எழுதும். அது போதும். இனிமே இத விக்க முடியாது, எழுதலாம். உங்க வீட்ல யாரு எழுதறது?"

இருவரும் யோசித்தார்கள். எங்கள் வீட்டில் எழுதுகிற ஆள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். பாய் மூடியை முறுக்கி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது குனிந்து, "தலகீழா மட்டும் போடாத மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை. காலையில் பொய்யாக வலித்த வயிறு நிஜமாகவே பசிக்க ஆரம்பித்தது.

திரும்பும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக் கொண்டே நடந்தார்கள். நான் நடுவில், பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு. ரயில்வே கேட்டைத் தாண்டினோம். பிறகு அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"பொடவையாய்யா அது? பேனாவப் போய் யாராவது ஒரசுவானா?"

"நீ பெரிய இவன். அரமணப் பேனா, அரமணப் பேனான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சது யாரு?"

"நானா சொன்னேன்? நீ சொன்ன!"

"நீ இல்லன்னு சொன்னியா?"

வீடு வந்தும் நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்த பிறகும் அண்ணன் ஒன்று சொன்னால் தம்பி இரண்டு சொன்னார். செம்பு, ஜரிகை, தாத்தா, பித்தளை அண்டா என்று எங்கெங்கோ போயிற்று. இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இப்படிக் கத்திக் கொண்டால் பேனாவை மறுபடி யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ, நிப்பைக் கழற்றுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பின்கட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பாவும் பெரிப்பாவும் சண்ட போட்டுக்கறாங்க!"

அம்மா மாவு அரைத்துக் கொண்டிருந்தாள். சத்தம் கேட்க வேண்டும் என்று குழவியை நிறுத்தினாள். பாகம் பிரித்தபோது பின்கட்டின் நடுவில் எழுப்பிய அரைச்சுவரண்டை போய், "அக்கா, கேக்குதா?" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா, "கேக்குது, கேக்குது. நீ சத்தம் போடாத" என்றாள்.

"போயி நிறுத்தும்மா" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"போடட்டும் விடு" என்றாள் அம்மா. அவள் முகம் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவள் முகம் மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஒரு சண்டையை இவர்கள் இருவரும் ஏன் இவ்வளவு ஆசையாக நின்று கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் பேனாவைக் கொண்டுபோய்ப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டு, தப்பித்தோம் என்று சாப்பிட உட்கார்ந்தேன்.