வாசலுக்கு எதிரே மாநில அரசு

எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே ஓர் அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில்லில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே அதற்காகத்தான். சமைக்கும்போது குசினி ஜன்னலில் நின்றால் மணி அடிப்பது கேட்கும், ரீச்சர் யாரை ஏசுகிறார் என்பதுகூடக் கேட்கும். மகள் கதிரையை இழுத்துப்போட்டு அதில் ஏறி நின்று அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷம் நீயும் அங்கேதான் என்று நானும் சொல்லிச் சொல்லி ஆசையை வளர்த்து விட்டிருந்தேன்.

பதியப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் எல்லைக்கோடு எங்கள் தெருவின் நடுவால் போகிறதாம். தெருவின் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடம். இந்தப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு, ரயில் பாதையைத் தாண்டிக் காரில் போகவேண்டிய இன்னொன்று. மாநிலக் கல்வித் திணைக்களம் போட்ட கோடு, தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று அலுவலகப் பெண் மிக இனிமையாகச் சொன்னார். அந்த இனிமைதான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் மூட்டியது.

என் கணவர் தமிழ்நாட்டுக்காரர், நான் யாழ்ப்பாணம். அவருக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. ஒன்று, கல்வி மாநிலத்தின் உரிமை, மத்திய அரசு அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. கல்லூரி நாட்களில் இதற்காக ஊர்வலம் போய் வெயிலில் மயங்கி விழுந்தவர். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் தோசை ஆறிப்போகும் வரைக்கும் இதையேதான் பேசுவார். எங்கள் உறவுக்கார அங்கிள் ஒருவர், "ஓம் தம்பி, ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே இவருடைய வடையையும் சேர்த்துச் சாப்பிட்டு முடிப்பார். இரண்டாவது நம்பிக்கை, எம்.பி.யைப் பிடித்தால் எந்தக் காரியமும் முடிந்துவிடும் என்பது. இவை இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்று அவருக்கு அதுவரை தோன்றவேயில்லை.

"ஸ்டேட்காரன் போட்ட கோடுதானே? மத்தியில இருக்கிற ஃபெடரல் எம்.பி. ஒரு போன் போட்டா அழிச்சிருவாங்க" என்றார்.

"அப்ப உங்கட மாநில உரிமை?"

"அது வேற, இது வேற. இது நம்ம பாப்பா விஷயம்."

எம்.பி. ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு மக்களைச் சந்திக்கிறார் என்று என் கணவர் கேள்விப்பட்டார். காலையிலேயே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். கையில் ஒரு மனு, ஓர் எலுமிச்சம்பழம், தங்கச் சரிகை போட்ட பொன்னாடை.

"இஞ்ச ஆரும் பொன்னாடை போடுறேல்லையப்பா. வெக்கமாக் கிடக்கு."

"எம்.பி.யப் பார்க்க வெறுங்கையோடயா போவாங்க? நீ சும்மா வா."

இங்கே ஜனவரிதான் கோடை; வெயில் மண்டையைப் பிளந்தது. அரைக்கைச் சட்டையோடு நின்ற எம்.பி.க்கு, அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் என் கணவர் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். எலுமிச்சம்பழத்தை எம்.பி. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் கொடுத்தார். மரியாதைக்காகப் பொன்னாடையைக் கழற்றாமல், வியர்வை வழிய வழிய மனுவை வாசித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பள்ளிக்கூடங்களை நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு. அரசியல் சாசனம் மத்திய அரசுக்குக் கொடுத்த அதிகாரங்களில் அது இல்லை. தாங்கள் பணம் கொடுக்கலாம், பணத்தோடு நிபந்தனையும் வைக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்பதில் தலையிட முடியாது.

வெள்ளிக்கிழமைப் பேச்சேதான், ஆங்கிலத்தில். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் கணவர் விடவில்லை. மாநிலங்களுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் ஒரு நாடு எப்படி உருப்படும் என்று எம்.பி.யையே கேட்டார். பின்னால் மீன் பையோடு ஒரு குரல் வந்தது. வடை அங்கிள்.

"தம்பி, நீர் வெள்ளிக்கிழமையில வேற மாதிரியெல்லோ கதைக்கிறனீர்?"

மத்திய அரசால் அன்று எங்களுக்குச் செய்ய முடிந்தது, ஓர் ஆஸ்திரேலியக் கொடியை இலவசமாகக் கொடுத்ததுதான். வீடு வரும் வரைக்கும் அவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சிரிப்பெல்லாம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளோடு போயிற்று. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் காலியானால் கூப்பிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைக் காரில் ஏற்றி ரயில் பாதைக்கு அப்பால் கொண்டுபோனோம். எதிர் வாசலில் பிள்ளைகள் நுழைவதைப் பார்த்து அவள் விக்கி விக்கி அழுதாள். அவளை வகுப்பில் விட்டுவிட்டு வந்து காருக்குள் நானும் அழுதேன்.

பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்த அலுவலகப் பெண்ணின் இனிமையான குரல் போனில் வந்தது. ஓர் இடம் காலி, திங்கட்கிழமையே வரலாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் கணவர் மகளைத் தூக்கிச் சுற்றினார்.

"நான் போகேல்லை" என்றாள் அவள், தமிழில்.

தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. நான் கெஞ்சியும் மிரட்டியும் ஓய்ந்துபோன விஷயம் அது.

"ஏனம்மா? எவ்வளவு ஆசைப்பட்டனீ?"

"என்ர வகுப்பில புதுசா ஒரு பிள்ளை வந்திருக்கு. அவளுக்குத் தமிழ் மட்டுந்தான், இங்கிலீஷ் தெரியாது. பாத்ரூம் எங்க எண்டு கேக்கவும் தெரியாது. நான்தான் கேட்டுக் குடுக்கிறனான். நான் போனா அவளோட ஆர் கதைக்கிறது?"

மறுமுனையில் அந்தப் பெண் இன்னும் காத்திருந்தார். இடம் வேண்டாமா, காரணம் என்ன என்று கேட்டார். நான் போனை என் கணவரிடம் நீட்டினேன். அவர் போனை வாங்கி, இந்த முறை யாரோடும் வாதாடாமல், தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: அது எங்கள் மகளின் முடிவு, அதில் எங்களுக்கு அதிகாரம் இல்லை.