பொதுப் பணமும் என் சித்தப்பாவும்

மலாக்காவில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். அப்பா அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய சகாய நிதிக்கும் அவர்தான் பொருளாளர். மாதாமாதம் எல்லோர் சம்பளத்திலும் கொஞ்சம் பிடித்து, யாருக்காவது ஆபரேஷன், விபத்து, பிரசவம் என்றால் கொடுப்பார்கள். குடியால் வந்த நோய்க்கும் மனநோய்க்கும் கிடையாது என்று ஆரம்பத்திலேயே விதி போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் வேலை. எவ்வளவு குடித்திருந்தாலும் முகத்தை மழித்து, பவுடர் பூசிக்கொண்டுதான் வெளியே இறங்குவார். தோட்டத்துக்கு வெளியே ஒரு கடையில் சம்சு என்ற மலிவான சாராயம் விற்றார்கள். சித்தப்பாவின் சம்பளம் பெரும்பாலும் அங்கேதான் போயிற்று.

நான் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது சித்தப்பா சாப்பாட்டு மேசைமேல் நின்றுகொண்டிருந்தார். அரிசி மூட்டை, ரேடியோ, என் சப்பாத்து எல்லாம் அவர் காலடியில் மேசைமேல் இருந்தன.

"ஏறிக்கோம்மா, தண்ணி வருது. சீக்கிரம்!"

தரை காய்ந்து கிடந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம் பொய்யில்லை. நான் மேசைமேல் ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் போனதும் என் பாதங்கள் சில்லிடத் தொடங்கின. இன்றுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மருந்து கொடுத்துத் தெளிய வைத்து அனுப்பினார்கள். வந்து மறுபடியும் குடித்தார். அந்த வருஷம் முழுக்க இதே கதைதான். தோட்டத்து வேன் அவரை ஏற்றிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதுமாக இருந்தது.

தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மலாக்கா டவுன்ல ஒரு பிரைவேட் இடம் இருக்கு. சில வாரம் உள்ளுக்கே வச்சுப் பார்ப்பாங்க. நிதியில இருந்து குடுக்கலாம்லா?"

"ரூல்ல இல்ல," என்றார் அப்பா.

"ரூல மாத்துங்க."

"மாத்துனா எல்லாரு சம்பளத்துலயும் கூட வெட்டணும். பணத்த வச்சிருக்கிறவனே தன் தம்பிக்காக ரூல மாத்திட்டான்னு பேச மாட்டாங்களா?"

"இப்ப மட்டும் காசு போகலியா அண்ணே? வேனு தோட்டத்துக் காசு. கட்டிலு, மருந்து, டாக்டரு, எல்லாம் கவர்மெண்டு காசு. அது யாரு காசு?"

டிரெஸர் தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

நான் தொழிற்சாலை ஆபீசில் கேட்டுப் பார்த்தேன். எங்களுக்கு இன்சூரன்ஸ் அட்டை இருந்தது. அங்கிருந்த மலாய்க்கார அக்கா, பெற்றோரை மட்டும்தான் சேர்க்க முடியும், அதிலும் மனநோய்க்கும் குடிக்கும் எதுவும் கிடையாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று மலாயில் சொன்னாள்.

"குடுக்காட்டி போறாங்க. கூட்டத்துல வாயத் தொறந்து கேக்கவாச்சும் செய்யுங்களேன்," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. சித்தப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். இனி தொடுவதில்லை என்று.

"சரிண்ணே," என்றார் சித்தப்பா.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றோடு நிறுத்தினார். கை நடுங்கியது, வாந்தி எடுத்தார், சட்டை நனைய வியர்த்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கோழிக்குழம்பு வைத்தாள்.

அந்த வாரமே ஒருநாள் காலை. அப்பாவும் அம்மாவும் செம்பனைக் காட்டில் வேலையில் இருந்தார்கள். எனக்குச் சாயங்கால ஷிப்டு. குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். சித்தப்பா ஈரத் தரையில் கிடந்தார், வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். வேன் வந்தது. ஜாசின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் டிரெஸர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நாளு குடிச்ச ஒடம்புண்ணே. திடீர்னு நிறுத்தக்கூடாது. பக்கத்துல ஆளு, மருந்து எல்லாம் இருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இன்னும் நான்கு பேர் இருப்பதுபோலத்தான் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா நிறுத்திவிட்டு, "யாரு அங்க இருமுறது?" என்று குளியலறைப் பக்கம் திரும்புவார். முதலில் நாங்கள் யாருமில்லை என்று சொல்வோம். பிறகு எங்களுக்கும் கேட்பதுபோல இருந்ததால் சொல்வதை நிறுத்திவிட்டோம். குளித்து முடித்துக் கதவைத் திறக்கும்போது அம்மாவுக்குப் பவுடர் வாசனை வரும். பகலிலும் அந்தக் குளியலறைக்குப் போக நான் பயந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அப்பா எழுந்தார். விதியை மாற்ற வேண்டும் என்றார். சம்பளத்தில் கூடப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"நாங்க யாரு வாயிலயும் ஊத்தலியே. நாங்க ஏன் கட்டணும்?" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் கேட்டார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் அப்பா. நின்றபடியே இருந்தார். கடைசியில் ஒருவர் கை தூக்க, ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். குடிக்கும் மனநோய்க்கும் ஒரு ஆளுக்கு ஒருமுறை மட்டும் கொடுப்பது என்று முடிவாயிற்று. அது பிடிக்காத சில குடும்பங்கள் நிதியை விட்டு விலகின.

விலகியவர்கள் சொன்னதும் முழுக்கப் பொய்யாகவில்லை. நிதி மெலிந்தது. பிரசவத்துக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டி வந்தது. அந்தப் பணத்தில் மருத்துவம் பார்த்து வந்த ஒருவர், வந்த மாதமே மறுபடியும் குடித்தார். ஓர் இளம்பெண், பிள்ளை பெற்ற பிறகு பேச்சே நின்றுபோனவள், பேச ஆரம்பித்தாள். டிராக்டர் ஓட்டிய ஒருவர் குடியை அடியோடு விட்டார்.

தோட்டத்தை விற்ற பிறகு நாங்கள் புக்கிட் காத்திலில் வாடகை வீட்டுக்கு வந்தோம். ஒருநாள் அந்த டிராக்டர்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். உடம்பு தேறி, சித்தப்பா வயதில், சிரித்த முகமாக இருந்தார். அப்பாவின் காலைத் தொட்டார். அப்பா பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "இருப்பா, வந்துர்றேன்" என்று பின்பக்கம் போனார். வந்தவர் தேத்தண்ணீர் குடித்து முடித்தார், காத்திருந்தார், கடைசியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மோட்டார் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் அப்பா உள்ளே வந்தார்.

"போய்ட்டானா?" என்றார்.

"போய்ட்டாருப்பா."

"நல்லா இருக்கான்ல," என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.