ஒரு புள்ளி பாக்கி

“பேனா வெச்சாச்சு சார்” என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் கைப்பிடியில் மாட்டிப் பெடலை மிதித்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால். அந்த நிமிஷத்திலிருந்து அவர் போகும் வழியெல்லாம் கைபேசி வரைபடத்தில் சிவப்புக் கோடாக விழும். அவர் திரும்பினால் கோடு திரும்பும், நின்றால் நிற்கும். ஆக, மனிதர் இந்த நகரத்தின் மேல் சைக்கிளால் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கு ஓர் எழுத்து.

பேனா வைத்த பிறகு அவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. சாலைக்கு எதிர்ப்பக்கம், இருபதடி தூரத்தில், டீக்கடை ஆவி பறந்துகொண்டிருக்கும். “ஒரு டீ” என்பேன். “அந்தப் பக்கம் போனா எழுத்துக்கு வால் முளைச்சிடும் சார்” என்பார். நான் மட்டும் போய்க் குடிக்கலாம்தான். திரும்பி வருவதற்குள் அவர் எந்த வளைவில் இருப்பார் என்று யார் கண்டது? ஒருமுறை ஒரு நாய் துரத்தி, நாங்கள் அலறிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்ததில் எழுத்துக்கு உண்மையாகவே வால் முளைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஒன்பது கிலோமீட்டரையும் அடியிலிருந்து ஓட்டவைத்தார். நாயிடம் மட்டும் கோபமே இல்லை.

நான் இவரிடம் மாட்டியது என் கண்ணால். வெள்ளெழுத்து வந்ததால் அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுவா, அதுவா?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டை எடுக்கப் போனாலும், முச்சந்தியில் நின்றாலும், இட்லிக்கு எந்தச் சட்னி என்று வீட்டில் கேட்டாலும் “இதுவா, அதுவா?”தான். அன்று பரிசோதனை முடிந்ததும் என் வயிற்றைப் பார்த்து, “சைக்கிளா, மாத்திரையா?” என்றார். வாய் தவறிச் சைக்கிள் என்றுவிட்டேன்.

ஆளுக்கு ஐம்பத்தொரு வயது. கால்சட்டை சங்கிலியில் மாட்டாதிருக்கத் துணி காயப்போடும் கிளிப் இரண்டு. மேல்பையில் ஒரு பொடி ஸ்குரூ டிரைவர். அது எதற்கென்று சிக்னலில் தெரிந்துகொண்டேன். பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு பெரியவர்; மூக்குக்கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. “ஒரு நிமிஷம் கழட்டுங்க” என்றார் இவர். அவரும் எதற்கு ஏன் என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தார். பச்சை விழுவதற்குள் திருகாணியை முறுக்கி, துடைத்து, மூக்கிலேயே மாட்டிவிட்டார். பெரியவர் நன்றி சொல்ல வாய் திறந்தபோது நாங்கள் அடுத்த தெருவில் இருந்தோம்.

ஒரே தெருவில் மூன்று தடவை போனால் சனங்கள் சும்மா இருப்பார்களா? மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார். “யாரைத் தேடுறீங்க?”

“யாரையும் இல்லம்மா. உங்க தெரு ககரத்தோட வயித்துல வருது.”

அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

எழுதிக்கொண்டிருந்த சொல் ‘அக்கா’. காரணத்தை அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று.

அவருடைய அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ‘புள்ளி டீச்சர்’. மெய்யெழுத்தில் ஒரு புள்ளி விட்டால் அரை மதிப்பெண் போச்சு. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் புள்ளியைத்தான் எண்ணுவாராம். அப்பேர்ப்பட்டவர் கண்ணாடி போட மட்டும் மாட்டேன் என்றார். நோட்டை நீட்டிப் பிடித்துத் திருத்துவார். கை நீளம் போதாதபோது, பிள்ளையிடமே கொடுத்து நாலடி தள்ளி நிற்கச் சொல்வார். தம்பி விடாமல் கடைக்கு இழுத்து வந்தார். அக்கா படிப்பு அட்டையைக் கையில் வாங்கி, “நேற்று மாலை மழை நின்றதும் வானத்தில் இரண்டு கொக்குகள் பறந்தன” என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அடடா, என்ன வாசிப்பு. ஆனால் தம்பி முந்தைய நாளே அட்டையை மாற்றிவிட்டிருந்தார். புது அட்டையில் இருந்தது, ‘இதைப் படிக்க முடிந்தால் உனக்குக் கண்ணாடி வேண்டாம் அக்கா’. கொக்கு இருந்த பழைய அட்டையை அக்கா எப்போதோ மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்.

“அதோட விட்டிருக்கணும் சார். கடையில அவளே சிரிச்சிட்டா. என் கையில ஒரு அடி போட்டுட்டு, மிச்ச டெஸ்ட்டுக்கும் உக்காந்தா.”

விடவில்லை. ஒரு கல்யாண விருந்தில் பத்துப் பேருக்கு நடுவில் எழுந்து நின்று, அட்டைக் கதையைச் சொல்லி, கைகளை அடித்துக் கொக்கு பறந்து காட்டியிருக்கிறார். பந்தி குலுங்கிற்று. அடுத்த மேசையில் அக்காவின் தலைமையாசிரியை. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் யாரோ, “என்ன டீச்சர், கொக்கு வந்துச்சா?” என்று கேட்டார்களாம். அன்று மூடிய வாய்தான். பதினாலு மாதமாகத் தம்பியிடம் ஒரு சொல் இல்லை. இவர் கண்ணாடியைச் செய்து அனுப்பினார். பெட்டி பிரிக்கப்படாமல் பீரோ மேல் ஏறிவிட்டது என்று அத்தான் ரகசியத் தகவல் கொடுத்தார். நேரில் போய் நின்றபோது அக்கா கணவரிடம் சொன்னது, “வந்திருக்கிற கண்ணாடிக்கடைக்காரருக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க.”

“குடிச்சிட்டு வந்துட்டேன் சார். அம்மா போனப்புறம் என்னை டேய்னு கூப்பிட அவ ஒருத்திதான் இருக்கா. நான் எல்லாரையும் சிரிக்கவெச்சேன்னு நெனச்சேன். அவளை அழவெச்சிருக்கேன்.” இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று முணுமுணுக்காமல் ஓட்டினேன்.

அகரம் ஊருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில். காலைப்பனி, இரண்டு பக்கமும் பச்சை, எங்கள் சங்கிலிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அகரத்தின் சுழிக்காக ஒரு மாட்டுப்பண்ணையைச் சுற்றினோம். மாடுகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. முதல் ககரம் சந்தை வழியாகக் காய்க்கூடைகளுக்கு நடுவில். இரண்டாவது ககரம் கிழக்கே புது வீடுகளுக்குள். கடைசியில் துணைக்கால், கால்வாய்க்கரையில். அந்த எழுத்துக்குக் கால் போடுவதற்குள் என் கால் கழன்றுவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் வரைந்த படத்தைக் குடும்பக் குழுவில் போடுவார். சொந்தக்காரர்கள் கட்டைவிரலை நீட்டுவார்கள். அக்கா பார்த்ததாக மட்டும் காட்டும். கால் முடிந்த அன்று கால்வாய்க்கரையில் உட்கார்ந்து, நாலு கோடுகளையும் ஒரே படமாகச் சேர்த்தார். எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்னங்க இது? ‘அககா’ன்னு இருக்கு. க்-குப் புள்ளி வைக்கலையே நீங்க.”

“வைக்கலை” என்றார், கண்ணைச் சிமிட்டி. “மன்னிப்புன்னு நாலு கடுதாசி போட்டேன், பதில் இல்லை. தப்பா எழுதினா வருதா பாப்போம்.” அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில், அதுவும் மன்னிப்புக் கேட்கும் இடத்தில், இந்த வேலை.

எட்டு இருபதுக்கு அனுப்பினார். மூன்று பேர் கட்டைவிரல் நீட்டினார்கள். சித்தி ஒருத்தி “அழகு” என்று போட்டார். ஒருவர் கண்ணிலும் புள்ளி படவில்லை. எட்டரை. அக்கா பார்த்துவிட்டார். அப்புறம் ஒன்றுமில்லை. இவர் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். எட்டு ஐம்பதுக்கு, “விட்ருங்க சார், இனிமே அவ எழுதமாட்டா. இதுலயும் விளையாடிட்டேன்னு நெனச்சிருப்பா” என்றார். அவர் குரலில் விளையாட்டே இல்லை.

நான் சைக்கிளை எடுத்தபோது கைபேசி முனகியது. பார்த்தார். மறுபடி பார்த்தார். என்னிடம் நீட்டினார். “என் கண்ணு இப்ப சரியில்லை. நீங்க படிங்க.”

படித்தேன். ‘ககரத்துக்குப் புள்ளி எங்கேடா?’

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய வேகத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை. சந்தைக்கு வடக்கே ஒரு தெரு. முடிகிற இடத்தில் வண்டிகள் திரும்புவதற்காக ஒரு வட்டம். முதல் ககரத்தின் தலைக்கு நேர் மேலே. வட்டத்தை ஒட்டி அக்கா வீடு. அந்த வீட்டிலிருந்து அளந்துகொண்டுதான் மற்ற எழுத்துகளையே போட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“பேனா வெச்சாச்சு” என்று வட்டத்தைச் சுற்றத் தொடங்கினார். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அத்தான் குழாயைக் கீழே போட்டுவிட்டு, “ஏய், அவன் வந்துட்டான்” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அக்கா வாசலுக்கு வந்தார். பார்த்ததுமே இவர் பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றுவிட்டார். படத்தைக் குழுவுக்கு அனுப்பினார்.

அக்கா கைபேசியை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். கை அவ்வளவுதான். அத்தானிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, உள்ளே போனார். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டி கிழியும் சத்தம் கேட்டது. கண்ணாடியோடு வெளியே வந்தார். முகத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது, எடுத்ததுதானே.

படத்தைப் பார்த்தார். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவரைக் கண்டதும் சுற்று முடியுமுன் இவர் நின்றுவிட்டதால் வட்டம் சேரவில்லை. ஓர் ஓரத்தில் பொடி இடைவெளி. அக்கா கண்ணாடிக்கு மேலாகத் தம்பியை ஏறிட்டு, ஆள்காட்டி விரலை உயர்த்தி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.